ஆன்லைன் ஏலத்துல பழைய காசு வாங்குறத நம்பலாமா? 1939 ஒரு ரூபா வாங்கி முழிச்சிட்டு இருக்கேன்

திருமங்கலத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருசமா இங்க வந்து படிச்சிட்டுப் போறதோட சரி, எழுதுனதில்ல, இப்ப எழுத வேண்டிய நிலைமை வந்திருச்சு. பிரிட்டிஷ் இந்தியா வெள்ளி ரூபா வருச வரிசையா சேர்க்குறேன், 1835 வில்லியம் காசுல ஆரம்பிச்சு ஜார்ஜ் 6 வரைக்கும். எல்லாருக்கும் எங்க இடிக்குமோ எனக்கும் அங்கதான் இடிச்சுது, லேசுல கிடைக்காத 1939. ஆல்பத்துல அந்த ஒரு குழி மட்டும் காலியா பல்லு விழுந்த மாதிரி இருந்துச்சு.

போன மாசம் ஒரு ஆன்லைன் ஏலக் கம்பெனில வந்துச்சு, பேரு வேணாம், பெரிய பழைய கம்பெனி எதுவும் இல்ல, ஆப்ல மட்டும் ஏலம் நடத்துறவங்க. 'எக்ஸ்எஃப் (அதிகம் தேயாத, ரொம்ப நல்ல நிலை), மிக அரிது'ன்னு போட்டிருந்தாங்க. கிரேடிங் டப்பால, அதாவது அசலா, என்ன தரம்னு ஒரு கம்பெனி சோதிச்சு சீல் வச்சுக் குடுக்குற டப்பால இல்ல, வெறும் காசு. ராத்திரி பதினொன்ற வரைக்கும் உக்காந்து பிட் போட்டு, அதான் விலை கேட்டு, 46,000க்கு எனக்கு விழுந்துச்சு. அதுக்கு மேல ஏலக் கம்பெனி எடுத்துக்குற 18 சதவீதம் பிரீமியம் 8,280, அப்புறம் வரி, கூரியர், இன்சூரன்ஸ்னு சேர்ந்து அம்பத்தாறாயிரத்துச் சொச்சம். வீட்டுல இதுல பாதிதான் சொல்லியிருக்கேன்.

பார்சல் வந்தப்ப நான் பப்ளிக் எக்ஸாம் டூட்டில இருந்தேன், வீட்டுல கையெழுத்துப் போட்டு வாங்கி பீரோல வச்சிட்டாங்க, நான் பிரிச்சது ஒம்பதாவது நாள். தெற்காவணி மூல வீதில தெரிஞ்ச நகைக்கடையில காமிச்சேன், எடை போட்டுப் பாத்துட்டு 'வெள்ளிதான் சார், தைரியமா இருங்க'ன்னாரு. மனசு கேக்கல. எங்க அப்பத்தா சுருக்குப்பையில இருந்து வந்த 1938 ஒண்ணு எங்கிட்ட இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சு பத்து மடங்கு லென்ஸ்ல பாத்தா, 1939ல முதல்ல வர்ற 9ம் கடைசில வர்ற 9ம் ஒரே ஆளு இல்ல. முதல் 9க்கு வால் தடிமனா உருண்டையா முடியுது, கடைசி 9க்கு வால் ஒல்லியா, அதுக்கு இடது பக்கம் கீழ ஒரு நெல்லு அகலத்துக்கு காசோட தரை மட்டும் மங்கிப்போய், சுரண்டுன மாதிரி, சின்னதா ஒரு கீறலும் இருக்கு.

மெயில் போட்டேன். 'டெலிவரி ஆகி 7 நாளுக்குள்ள சொல்லணும், போட்டோல பாத்துதான் பிட் போட்டீங்க'ன்னு ரெண்டு வரி பதில். இவிங்களை எல்லாம் நம்பலாமா நம்பக்கூடாதா, பெரியவங்க சொல்லுங்க.

மாசி வீதி மைனர்:

சார் கோச்சுக்காதீங்க, நிஜ 1939 லட்சத்தைத் தாண்டிப் போற சாமான், அது 46,000க்கு விழுதுன்னா அன்னைக்கு ஏலத்துல உக்காந்திருந்த மத்த ஆளுக எல்லாம் தூங்கிட்டாங்களா? அவிங்க பாத்துட்டுத்தான் பைய ஒதுங்கியிருக்காங்க.

மேலூர் மாப்ள:

நான் எப்பயும் சொல்றதுதான். கையில வாங்காத காசு காசே இல்ல. கண்காட்சிக்கு போறோம், டேபிள்ல எடுத்துப் பாக்குறோம், சுண்டிப் பாக்குறோம், பேரம் பேசுறோம், வாங்குறோம். ஆன்லைனாம் ஏலமாம் பிரீமியமாம். சாமானும் அவன் கையில, போட்டோவும் அவன் எடுத்தது, கடியாரமும் அவன் கையில. ஆத்தாடி.

கல்லாப்பெட்டி:

மாப்ள, நீ கையில வாங்கின 'ராமர் பட்டாபிஷேகம் 1818 ஈஸ்ட் இந்தியா கம்பெனி அரையணா' இன்னும் உங்கிட்டதான இருக்கு? அதையும் கண்காட்சி டேபிள்லதான எடுத்துப் பாத்து சுண்டிப் பாத்து வாங்குன? கம்பெனிக்காரன் ராமர் படம் போட்டு காசே அடிக்கல, அது கோயில் வாசல்ல விக்கிற டோக்கன்னு நான் சொல்லி உனக்குக் கோவம் வந்துச்சே. கையில வாங்குறதும் ஆன்லைன்ல வாங்குறதும் இல்ல பிரச்சினை.

வாத்தியார் தம்பி, நான் முப்பத்தஞ்சு வருசமா சேர்க்குறேன், அதுல கடைசி பதினஞ்சு வருசம் பாதிக்கு மேல ஏலத்துல வாங்கினதுதான். மும்பை, பெங்களூரு, அகமதாபாத்னு நம்ம நாட்டுலயே கேட்லாக் அச்சடிச்சு வருசக்கணக்கா ஏலம் நடத்துறவங்க இருக்காங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு அளவுகோல் சொல்றேன். அவன் தன்னோட சரக்கைப் பத்தி கெட்டதும் எழுதுறானான்னு பாரு. 'கொக்கி எடுத்த தடம் இருக்கு', 'துளை அடைச்சது', 'கழுவினது', 'ரீஸ்ட்ரைக்'னு லாட்டுக்குக் (ஏலத்துல ஒரு நம்பர் போட்டு வர்ற சாமான்) கீழ எழுதுறவன்கிட்ட வாங்கலாம். நம்ம ஊர்ல பழைய பவுன்ல பாதி காசுமாலையில கிடந்து வந்தது, மேல கொக்கி பத்தவச்ச தடம் இல்லாம வர்றதே அபூர்வம், அப்படி இருக்கப்போ ஒரு ஏலத்துல முந்நூறு லாட்டும் 'சூப்பர்', 'மிக அரிது'ன்னு இருந்தா அந்த கேட்லாக் எழுதுனவன் காசைப் பாக்கல, உன் பர்ஸைப் பாத்திருக்கான். ரீஸ்ட்ரைக் விசயமும் அப்படித்தான், பழைய அச்சை வச்சு மிண்ட்லயே பின்னாடி அடிச்சது, அது போலி இல்ல, ஆனா முதல்ல அடிச்சதும் இல்ல, விலையில மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். நல்லவன் அந்த ஒரு வார்த்தைய எழுதுவான். மத்தவன் வாங்குனவன் பாத்துக்கட்டும்னு விட்டுடுவான்.

ரெண்டாவது, பிட் போடுறதுக்கு முன்னாடி விதிமுறையைப் படிக்கணும். நீ படிக்கல. 7 நாள்னு இருந்திருக்கு. போலின்னு நிரூபிச்சா எப்ப வேணா திருப்பி எடுத்துப்போம்னு எழுதுற கம்பெனியும் இருக்கு, அதைத்தான் தேடணும்.

எடை எவ்வளவு வந்துச்சு? வீட்டுல அடர்த்தி சோதனை பண்ணிப் பாரு, நகைத் தராசு இருந்தாப் போதும். டம்ளர்ல தண்ணி வச்சு தராசு மேல வை, ஜீரோ பண்ணு, காசை தையல் நூல்ல கட்டி அடியில தொடாம தண்ணிக்குள்ள தொங்கவிடு, தராசு காட்டுற எண்ணால காசோட எடையை வகு. 1939 வரைக்கும் ரூபா 91.7 சதவீதம் வெள்ளி, பத்தே காலு பத்தரைக்கு நடுவுல வரணும். 1940ல பாதி வெள்ளியா குறைச்சுட்டான். வார்ப்புப் போலியா இருந்தா ஒம்பது பக்கம்தான் நிக்கும்.

செம்புக்காசு:

கல்லாப்பெட்டி ஐயா சொன்ன சோதனை நல்லதுதான், ஆனா சார் சொல்ற அடையாளத்தைப் பாத்தா அதுல பாஸ் ஆயிடும்னு தோணுது. 1938 நிறைய கிடைக்கும், அந்த 8ல கீழ்வட்டத்தோட இடது பக்கத்தை சுரண்டி எடுத்துட்டா 9. காசு முழுக்க அசல், வெள்ளி அசல், ஓரத்துல இருக்குற வரி அசல், ஒரு எழுத்து மட்டும் பொய். நகைக்கடைல எத்தனை தடவை காமிச்சாலும் வெள்ளின்னுதான் சொல்வாங்க, அவங்க சொல்றது பொய்யும் இல்ல.

நான் வித்தவ பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன். எங்க மாமனார் வச்சிருந்த நாயக்கர் காலத்து செம்புக்காசு, சேதுபதி காசு, கொஞ்சம் ராஜராஜன் செம்பு எல்லாம் நாலு வருசம் முன்னாடி ஒரு ஏலத்துக்குக் குடுத்தேன். ராஜராஜன் செம்பு ஊருக்கு ஊர் குவியலா கிடைச்சது, அதுக்கு பெருசா ஒண்ணும் வராதுன்னு அவங்களே நேரா சொல்லிட்டாங்க, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ஆனா பணம் வர்றதுக்கு எழுபது நாளுக்கு மேல ஆச்சு. வாங்கினவர் கட்டினாத்தான் எனக்குக் குடுப்பாங்களாம், குடுக்கும்போது எங்கிட்டயும் கமிஷன். ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்குறவங்க யாரு பக்கம்னு யோசிச்சா ஒரு பக்கமும் இல்ல, விலை ஏறுற பக்கம்.

இன்னொண்ணு சொல்லணும். அதே கம்பெனி இல்ல, வேற ஒரு ஆப்ல ஒரு சேதுபதி காசுக்கு நான் பிட் போட்டுட்டு இருந்தேன், ரெண்டு பேருக்கும் போட்டி, கடைசில அவரு ஜெயிச்சுட்டாரு. மூணு மாசம் கழிச்சு அதே காசு, ஓரத்துல அதே வெட்டு, அடுத்த ஏலத்துல நிக்குது. அப்பத்தான் புரிஞ்சுது, அன்னைக்கு எங்கூட மல்லுக்கட்டினது வாங்க வந்த ஆளே இல்ல, விக்கிறவரோட ஆளு, விலை ஏத்துறதுக்குப் போட்ட பிட்டு கைமீறி அவருக்கே விழுந்திருச்சு. ஒவ்வொரு காசுக்கும் கீறலும் வெட்டும் கைரேகை மாதிரி. பிட் போட்டு தோத்த லாட்டோட போட்டோவையும் சேவ் பண்ணி வைங்க, அதுல கத்துக்குறது நிறைய.

திருமங்கலத்தான்:

கல்லாப்பெட்டி அண்ணே, ராத்திரி சோதனை பண்ணேன். எடை 11.58 கிராம். தண்ணில தொங்கவிட்டப்ப 1.12 காட்டுச்சு. வகுத்தா 10.34. அப்பத்தாவோட 1938ம் பண்ணேன், 11.60, 1.12, கிட்டத்தட்ட அதே. செம்புக்காசு அக்கா சொன்னதுதான் சரி போல. வெள்ளிங்குற வரைக்கும் சந்தோசப்படவா வேணாமான்னு தெரியல, அம்பத்தாறாயிரத்துக்கு ஒரு தோலா வெள்ளி வாங்கியிருக்கேன்.

என் பொண்ணு பக்கத்துல நின்னு பாத்துட்டு 'அப்பா காசைக் குளிப்பாட்டுறீங்களா'ன்னு கேக்குது.

மாசி வீதி மைனர்:

வரிசையை 1938ல முடிச்சுக்குங்க சார். ரெண்டு 1938 இருக்குற ஆல்பம் நம்ம ஏரியாவுல உங்கிட்ட மட்டும்தான்.

டிராக்டர்:

அண்ணன்மாரே நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்கிட்ட டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபா நோட்டு இருக்கு, 786 நம்பரும் இருக்கு. ஒருத்தர் வாட்ஸ்அப்ல 3 லட்சம் தர்றேன், ரிசர்வ் பேங்க் பதிவுக் கட்டணம் 2,150 மட்டும் முதல்ல அனுப்புங்கன்னு சொல்றார். அனுப்பலாமா?

கல்லாப்பெட்டி:

அனுப்பாத. 2021 ஆகஸ்ட்லயே ரிசர்வ் பேங்க் அறிக்கை விட்டிருச்சு, பழைய நோட்டு காசு வாங்குறதும் விக்கிறதும் எங்க சோலி இல்ல, அதுக்கு கட்டணமோ கமிஷனோ நாங்க யார்கிட்டயும் கேக்குறதில்லன்னு. விக்கிறவன் வாங்குறவனுக்கு எதுக்குப்பா பணம் கட்டணும். ஏற்கனவே அனுப்பிட்டா உடனே சைபர் கிரைம் நம்பர் 1930க்கு போன் போடு.

வைகை மணல்:

ரூபா சேர்க்குறவங்க பாடு பரவால்ல, எழுத்து ஒண்ணைத்தான் சுரண்டுவான். எங்க பாட்டைப் பாருங்க. நான் பாண்டியர் சதுரச் செம்பு, வைகை மணல்ல கிடைக்கிற ரோமர் சின்னச் செம்பு இதுகதான் பாக்குறது. சின்னச் செம்புங்குறது சுண்டுவிரல் நகம் அளவு, கடைசிக் காலத்து ரோம அரசர்களோடது, மதுரையில ஆத்து மணல்ல நிறைய எடுத்திருக்காங்க. இதுகள்ல தேதியே கிடையாது, முகம் பாதி தேய்ஞ்சு போயிருக்கும், அப்ப எதை வச்சு நம்புறது? மேல ஏறி நிக்கிற பச்சைக் களிம்பை வச்சுதான். பல்லுக்குச்சியால மெல்லத் தேய்ச்சுப் பாருங்க, ரெண்டாயிரம் வருசக் களிம்பு கல்லு மாதிரி அசையாது, ஆசிட்ல போட்டு உப்புல புதைச்சு ஒரு மாசத்துல வரவச்ச களிம்பு மாவா உதிரும். போட்டோல இது தெரியவே தெரியாது. அதோட தேய்ஞ்சுபோன யானைக்கும் மீனுக்கும் ஊசி வச்சு கோடு ஆழமாக்கிடுறாங்க, போட்டோல பளிச்சுன்னு விழும், லென்ஸ்ல பாத்தா கோட்டுக்குள்ள மட்டும் களிம்பு இருக்காது.

இன்னொரு பயம் காசு எங்கிருந்து வந்துச்சுங்குறது. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருசம் தாண்டின காசும் தொல்பொருள்தான், வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மண்ணுல புதையலா கிடைச்சா 1878ல வந்த புதையல் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு, கலெக்டர்கிட்ட சொல்லணும். இப்ப லண்டன் ஏலத்துல தென்னிந்தியக் காசு வந்தா நான் முதல்ல கேக்குறது எப்ப இங்கிருந்து போச்சுங்குறதைத்தான்.

பெரிய கம்பெனின்னா தைரியமா இருக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு கதை. சீசரைக் கொன்ன புரூட்டஸ், அந்தக் கொலை நடந்த தேதியையே காசுல அடிச்சு விட்டான், தங்கத்துல அடிச்சது உலகத்துல விரல் விட்டு எண்ணிடலாம். 2020 அக்டோபர்ல லண்டன் ஏலத்துல ஒண்ணு 42 லட்சம் டாலருக்கு கிட்ட போச்சு, பழங்காசுல அவ்வளவு விலைக்குப் போனது அதுக்கு முன்னாடி இல்லன்னு உலகமே பேசுச்சு. கிரேடிங் டப்பாலயும் ஏறின காசு. காசு அசல். ஆனா கூடவே வந்த 'இன்னார் வம்சத்துப் பழைய சேகரிப்பு'ங்குற பேப்பர் பொய். 2023ல அந்த ஏலக் கம்பெனி முதலாளியை நியூயார்க்ல கைது பண்ணாங்க, குற்றத்தை ஒத்துக்கிட்டாரு, காசு கிரேக்கத்துக்குத் திரும்பிப் போச்சு. வாத்தியார் சாருக்கு பேப்பரே இல்லாம காசுல ஒரு எழுத்து பொய், அங்க காசு முழுக்க உண்மை பேப்பர் பொய். எதை லென்ஸ் வச்சுப் பாக்குறது சொல்லுங்க.

மேலூர் மாப்ள:

அப்ப டப்பால போட்டு வர்றதையும் நம்பக்கூடாதா? நான் பி.சி.ஜி.எஸ், என்.ஜி.சின்னு பெரிய கிரேடிங் கம்பெனிக டப்பான்னா கண்ணை மூடிட்டு வாங்கலாம்னுல்ல நினைச்சிட்டு இருந்தேன்.

செம்புக்காசு:

கண்ணை மூடாம வாங்குங்க. டப்பாவுக்கும் போலி வந்தாச்சு. டப்பா மேல இருக்குற நம்பரை அவங்க சைட்ல அடிச்சா காசோட விவரம் வரும், நிறைய காசுக்கு போட்டோவும் வரும். அந்த போட்டோல இருக்குற கீறலும் உங்க கையில இருக்குற கீறலும் ஒண்ணான்னு பாக்கணும், நம்பர் சரியா இருக்குன்னு மட்டும் விட்டுடாதீங்க, அசல் டப்பா நம்பரைத் திருடித்தான் போலி டப்பா பண்றாங்க. 1939 மாதிரி காசை டப்பா இல்லாம நான் வாங்கவே மாட்டேன். நூறு ரூபா காசுக்கு அதெல்லாம் வேணாம், டப்பா செலவே காசை விட ஜாஸ்தி.

கறுப்புக் கோட்டு:

சார், பேரு போடாதது நல்லது, போட்டு வம்புல மாட்டிக்காதீங்க. உங்க விசயத்துக்கு வர்றேன். 7 நாள் விதி இருக்கட்டும், ஆனா நீங்க கேக்குறது 'பிடிக்கல திருப்பி எடுத்துக்கோ'ன்னு இல்ல, '1939ன்னு சொல்லி வேற சாமானை வித்துட்டே'ன்னு. ரெண்டும் வேற வேற. மெயில்ல அந்த வார்த்தையிலயே எழுதுங்க. ரெண்டு 9ம் தெரியுற மாதிரி க்ளோசப் போட்டோ, அவங்க லாட் பக்கத்தோட ஸ்கிரீன்ஷாட், இன்வாய்ஸ், எடை எல்லாம் வரிசையா வைங்க. லாட் பக்கத்தை இன்னைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துடுங்க, நாளைக்கு அது இருக்காது.

பதில் வரலைன்னா 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிஞ்சிட்டு, அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்குற ஊர்லயே போடலாம், கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் மதுரையிலயே போடலாம், அஞ்சு லட்சம் வரைக்கும் மனுவுக்கு ஃபீஸ் இல்ல, ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். ஒரே எச்சரிக்கை, நீங்க வாங்கி விக்கிற வியாபாரின்னு அவங்க நிரூபிச்சா கேஸ் நிக்காது. நீங்க வாத்தியார், ஆல்பத்துக்கு வாங்கினது, அதனால பயம் இல்ல.

இனிமே பார்சல் பிரிக்கும்போது ஒட்டு பிரிக்கிறதுல இருந்து ஒரே வீடியோவா எடுங்க. காசை நீங்களே மாத்திட்டீங்கன்னு சொல்ல முடியாது.

கல்லாப்பெட்டி:

வக்கீல் தம்பி சொன்னதைச் செய். அதோட நேரா போன் போட்டும் பேசு, கோவப்படாம பேசு. சின்ன கம்பெனிக்காரன் பேருக்குப் பயப்படுவான், நாணயச் சங்கத்துல எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்சவங்க. நான் 1911 ரூபான்னு நினைக்கிறேன், ராசா அங்கியில இருக்குற யானை பன்னி மாதிரி தெரியுதுன்னு கலாட்டா ஆகி கவர்மெண்ட்டு திரும்ப வாங்கிக்கிச்சே அதுதான், அதுல ஒண்ணு ஏலத்துல எடுத்தேன், வந்து பாத்தா பாலிஷ் போட்டு மினுக்குன காசு, கேட்லாக்ல அது இல்ல. போன் பண்ணி சொன்னேன். மறுபேச்சு பேசாம முழுப்பணமும் குடுத்தாங்க, கூரியர் உட்பட. அதுக்கப்புறம் அவங்ககிட்டதான் அதிகமா வாங்குறேன். தப்பு எல்லாரும் பண்றதுதான், நான் பாக்குறது அதுக்கு அடுத்த நாள் என்ன பண்றாங்கன்னு.

திருமங்கலத்தான்:

மூணு வாரம் ஆச்சு, அப்டேட் சொல்லணும்ல. கறுப்புக் கோட்டு சொன்ன மாதிரியே மெயில் எழுதினேன், பதில் இல்ல. 1915ல பதிஞ்சேன், நாலாவது நாள் அவங்களே போன் பண்ணாங்க, குரல்ல தேன் ஒழுகுது. காசைத் திருப்பி அனுப்புங்க, 46,000 தர்றோம், பிரீமியமும் வரியும் முடியாது, அது எங்க சர்வீஸ் சார்ஜ்னாங்க. என்ன சர்வீஸ்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. வீட்டுல வேற இப்ப முழு விவரமும் தெரிஞ்சு போச்சு, அது தனிக் கதை. சரின்னு அனுப்பிட்டேன், அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் போட்டோ, கடைசி 9க்கு மட்டும் ஆறு போட்டோ எடுத்து வச்சுக்கிட்டேன். பணம் வந்திருச்சு. பாக்கி பத்தாயிரத்துக்கு ஆணையத்துல போடலாமா விட்டுடலாமான்னு யோசிச்சிட்டு இருக்கேன்.

கறுப்புக் கோட்டு:

போடுங்க சார். ஃபுல் செட்டில்மென்ட்னு எதுலயும் கையெழுத்து போடலையே?

திருமங்கலத்தான்:

போடல. மெயில்லயும் அப்படி ஒண்ணும் எழுதல.

மாசி வீதி மைனர்:

வாத்தியார் சார், வேலையா இருந்தாலும் உடனே அந்த ஆப்பைத் திறங்க. இந்த மாச ஏலம் போட்டிருக்கானுக. லாட் 212.

திருமங்கலத்தான்:

பாத்துட்டேன். பக்கத்துல என் போட்டோவையும் வச்சுப் பாத்துட்டேன். கடைசி 9க்கு இடது பக்கம் அதே மங்கல், அதே கீறல். என் அப்பத்தா சத்தியமா அதே காசு. 'எக்ஸ்எஃப், மிக அரிது'.

கல்லாப்பெட்டி:

திருப்பி வாங்கினப்பவே அவனுக்குத் தெரியும். இப்ப இது தெரியாம நடந்த தப்பு இல்ல. தம்பி, ரெண்டு போட்டோவும் தேதியோட வக்கீல்கிட்ட குடு, மனுவுல அது முதல் பக்கம். பிட் எவ்வளவுல நிக்குது?

திருமங்கலத்தான்:

38,500. ஏழு பேர் போட்டிருக்காங்க. முடியுறதுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு.